தலைத்திவசத்துக்கு முன்பு பிறந்தவள்

என் தம்பி மகள் ஓடி விளையாடிவிட்டு வந்தால் நிற்க மாட்டாள், குந்திக்கொள்வாள். முழங்கால்களை மார்போடு சேர்த்து இரு கைகளாலும் கட்டிக்கொண்டு, வாயைச் சற்றே திறந்தபடி இருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி ஓடுவாள். அப்போது அவளுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், கோலசிலாங்கூருக்கு உட்பக்கம், தோட்டம் கைமாறியபோது வேலையாட்களுக்கென்று கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில். மாலையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தெருவில்தான் இருப்பார்கள். இவள் குந்துவதைப் பார்த்து, எதிர்வீட்டு அக்கா சிரிப்பார். "உதிரிப்பழம் பொறுக்க வந்துட்டாங்கடி கிழவி. சாக்கு எங்கடி?" என்று கேட்பார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையிலிருந்து சிதறிய பழங்களைப் பொறுக்குகிறவர்கள் நாள் முழுக்க அப்படித்தான் குந்தியிருப்பார்கள். எங்கள் அம்மா அந்த வேலையைத்தான் செய்தார். அதனால் தம்பிக்கு மகள் குந்துவதைப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பு. "அம்மாதான் திரும்பி வந்துருக்காங்கலா. பாரு, அதே குந்து" என்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் குந்தும்போது கைப்பேசியில் படம்கூட எடுத்து வைத்திருக்கிறேன்.

கிளினிக்கில் தடுப்பூசி போடும் தாதி ஒருத்திதான் பிள்ளையின் நகங்கள் நீலம் பூத்திருப்பதைப் பார்த்தாள். விரல்களைத் தன் உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு, ஓடினால் குந்துவாளா என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்று தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் மருத்துவரை அழைத்து வந்தாள்.

இதயத்தில் ஓர் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல் என்று பெரிய மருத்துவமனையில் படம் வரைந்து காட்டினார்கள். குந்தினால் ரத்தம் கொஞ்சம் கூடுதலாக நுரையீரலுக்குப் போகும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் வைத்தியம் அது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும், தள்ளிப்போடக் கூடாது. அதுவரை அவளை அழவிடாதீர்கள் என்றார். அழுதால் மூச்சு முட்டி, உதடு நீலமாகி, மயக்கம் வரலாம்.

சரியாகிவிடும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பணம் கட்டும் முகப்புக்கு வந்தோம். அங்கே குடிமக்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. தம்பி குடிமக்களுக்கான நீல அடையாள அட்டைக்காரன். அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தவள் மற்ற வரிசை. முன்பணமாக அவர்கள் சொன்ன தொகை, எங்கள் வீட்டை விற்றாலும் முழுதாகச் சேராது.

அவள் ஏன் மற்ற வரிசைக்குப் போனாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, நாள் எண்ணிக்கொண்டிருந்த சமயம். மகன் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றே ஆசை. தம்பி லோரி ஓட்டுகிறவன். சுங்கை சோவில் ஒரு கடைக்குச் சாமான் இறக்கப் போன இடத்தில், கடைக்காரர் மனைவியின் அண்ணன் மகளைப் பார்த்து அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. புதுக்கோட்டைப் பக்கம் ஊர். அத்தை வீட்டுக்கு விசிட் பாஸில் வந்திருந்தாள். இரண்டு வீட்டிலும் பேசி, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். அம்மா சக்கர நாற்காலியில் இருந்து அட்சதை போட்டார். அரசாங்கத்தில் பதிவு செய்ய அடுத்த மாதம் தேதி வாங்கியிருந்தோம். அந்தத் தேதி வருவதற்குள் அம்மா போய்விட்டார்.

அப்பா முன்பே இறந்துவிட்டதால் எங்கள் வீட்டில் நல்லது கெட்டதுக்குப் பெரியப்பா சொல்வதுதான். கெர்லிங்கில் இருக்கிறார்; ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, வேலையாட்களுக்குக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதட்டிப் பேசமாட்டார். கருமாதி முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தம்பி பதிவுத் தேதியை நினைவூட்டினான். பெரியப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்.

"தாலி ஏறிருச்சு, அதுக்கு மேல என்னா? கவர்மெண்டுல கையெழுத்துப் போடறதும் ஒரு கல்யாணந்தான்யா. சாவு விழுந்த வீட்டுல வருசம் திரும்பறதுக்குள்ள மாலையும் கழுத்துமா போய் நிப்பாங்களா? தலைத்திவசம் ஆவட்டும்."

யாருக்கும் அதில் தவறாக எதுவும் படவில்லை. அந்த ஆண்டு பொங்கலுக்கு நாங்கள் பானை வைக்கவில்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை; அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த முறுக்கைத்தான் தின்றோம். கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. தள்ளிவைத்த நல்ல காரியங்களோடு பதிவையும் தள்ளிவைத்தோம். பாஸ் முடிந்ததும் தம்பி மனைவி ஊருக்குப் போய்த் திரும்பி வந்தாள். வயிற்றில் பிள்ளை தங்கியிருந்ததால், பிறகு மருத்துவர் கடிதம் கொடுத்துப் பாஸை நீட்டித்துக்கொண்டோம்.

தலைத்திவசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பிள்ளை பிறந்தது. துக்க வருடம் என்பதால் பெயர் வைக்க ஆள் கூப்பிடவில்லை. அத்தைக்காரி நான்தான் என்று அவளைக் கையில் வாங்கி, காதருகே குனிந்து மூன்று முறை பெயரைச் சொன்னேன். கொட்டாவி விட்டாள்.

திவசம் முடிந்த வாரமே கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள். பெரியப்பா விசேஷத்துக்குப் போடும் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு கெர்லிங்கிலிருந்து வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளையின் பிறப்பைப் பதியக் கொடுத்திருந்த கெடு இன்னும் முடியவில்லை. கல்யாணச் சான்றிதழ் வந்த கையோடு, எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்ற நிம்மதியோடு, அதையும் எடுத்துக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போனோம்.

முகப்பில் இருந்தது இளவயது மலாய்ப் பெண். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பார்த்தாள். முகத்தில் ஒரு தயக்கம் வந்தது. பிள்ளை பிறந்த பிறகுதான் கல்யாணம் நடந்திருக்கிறது. சட்டப்படி இந்தப் பிள்ளை தாயின் நாட்டைச் சேர்ந்தது என்று மெதுவாகச் சொன்னாள். தம்பி கைப்பேசியை எடுத்துக் கோயில் படங்களைக் காட்டினான். தாலி கட்டுவது, மெட்டி போடுவது, அம்மா நாற்காலியில் இருப்பது. ஒவ்வொன்றையும் அந்தப் பெண் பொறுமையாகப் பார்த்தாள். அழகான கல்யாணம் என்றாள். பிறகு அச்சிட்டுக் கொடுத்த பிறப்புச் சான்றிதழில், குடிமகள் அல்ல என்று இருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், முடிவு புத்ராஜெயாவில் தலைமையகத்தில், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றாள். விண்ணப்பித்தோம். காத்திருந்தோம். பிள்ளை தவழ்ந்தாள், நடந்தாள், ஓடினாள், குந்தினாள்.

நோய் தெரிந்த பிறகு முதலில் நினைத்தது காப்புறுதியை, மருத்துவ இன்சூரன்ஸைத்தான். நான் புஞ்சாக் ஆலாமில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். எனக்குக் காப்புறுதி அட்டை உண்டு. தம்பிக்கும் அவன் கம்பெனியில் உண்டு. அதில் மனைவி பெயரையும் சேர்த்திருந்தான். பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை. எங்கள் வரிசையிலேயே வளர்ந்த பெண் ஒருத்தி காப்புறுதி முகவராக இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன். டேப்லட்டோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் மூவருக்கும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிள்ளையிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"அக்கா, உங்களுக்குப் போடலாம், அண்ணனுக்குப் போடலாம். அண்ணிக்குக்கூட பாஸ்போர்ட்ட வச்சுப் போட்டுறலாம். பாப்பாக்கு ஐசி கார்டு நம்பரும் இல்ல, பாஸ்போர்ட் நம்பரும் இல்ல. இந்தக் கட்டத்துல ஏதாச்சும் ஒன்னு போட்டாத்தான் சிஸ்டம் அடுத்த பேஜுக்கே போவும்."

"பொறப்புப் பத்திர நம்பர் இருக்கே?" என்றான் தம்பி.

"அத எடுக்கலண்ணே." டேப்லட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். "நம்பர் இருந்தாலும் பொறவியிலயே இருக்கற நோயிக்கு இதுல காசு குடுக்க மாட்டாங்க. வேற வீடா இருந்தா அத அப்பறம் சொல்லியிருப்பேன். ஒங்ககிட்ட எப்படிலா?"

பிள்ளை அவள் காலடியில் குந்தி, கவிழ்ந்திருந்த டேப்லட்டின் உறையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஆசை ஆசையாகத் தேநீர் குடிக்கிற பெண், அன்று ஆறவிட்டுப் போனாள்.

அழவிடக் கூடாது என்ற ஒரு விதியைச் சுற்றி எங்கள் வீடு மாறியது. அவள் கேட்டது எதையும் மறுக்கவில்லை. ஊசி போடும் நாளில் தம்பி முகமூடி மாட்டிக்கொண்டு குரங்காட்டம் ஆடுவான். தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தோம். அவர்கள் எல்லா ஆட்டத்திலும் அவளையே ஜெயிக்க விட்டார்கள். அதனால் அவளுக்கு ராணி நடப்பு. "சூசூ கொண்டா" என்று கட்டளையிடுவாள். பாலுக்கு அதுதான் சொல். கார் என்றால் கெரெத்தா. வேண்டாம் என்றால் "தாமாவுலா" என்று கையை ஆட்டுவாள். பேச்செல்லாம் தெருவில் பொறுக்கியது.

பிள்ளையின் நோயும் அவள் மற்ற வரிசையில் நின்ற செய்தியும் கெர்லிங்கில் பெரியப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலை பேருந்து மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். அதே பாத்தேக் சட்டை. "அந்தப் பதிவு ஆப்பீசுக்கு என்னைக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். போவதால் பயனில்லை என்று தம்பி எவ்வளவோ சொன்னான். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அழைத்துப் போனேன்.

எங்கள் எண் வந்ததும் முகப்புக்குப் போய்த் தொப்பியைக் கழற்றினார். இந்த முறை அதிகாரி நடுவயது ஆண். பெரியப்பா தோட்டத்து மலாயில் நிமிர்ந்து நின்று சொன்னார்: "சாயா யாங் சாலா, துவான். புடாக் தாக் சாலா." குற்றம் என்னுடையது ஐயா, பிள்ளை மேல் குற்றமில்லை. இதையே இரண்டு மூன்று விதமாகச் சொன்னார். துக்க வருடம் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அதிகாரி எழுந்து வந்து அவருக்கு நாற்காலி போட்டார். அங்கிள், இதில் குற்றம் யாருடையது என்று கேட்க இடமே இல்லை, தேதிதான் இருக்கிறது என்றார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பி, அதிகாரியிடம் சொல்லச் சொல்லித் தமிழில் பேசினார்.

"விடியக்காலைல பெரட்டுல நான் பேர் கூப்புடுவேன். காய்ச்சக்காரப் புள்ளைய ஆயாக்கொட்டாயில விட்டுட்டு லேட்டா ஓடியாருவாளுங்க பொம்பளைங்க. அவளுங்களுக்கும் நேரத்துக்கு வந்ததா நான் பேர் போட்டிருக்கேன். தொரைக்குத் தெரியும், கேட்டதில்ல. இவரால ஒரே ஒரு தேதிய முன்னால போட முடியாதாம்மா?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன், மொழிபெயர்க்கவும் தேவைப்படவில்லை. அவர் பெரியப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். வீடு திரும்பும் வழியில் செம்பனை லோரி ஒன்றின் பின்னால் வெகுநேரம் போக வேண்டியிருந்தது. பெரியப்பா தொப்பியை மடியில் வைத்தபடி வந்தார். பிள்ளைக்கென்று பையில் கொண்டுவந்த ரம்புத்தான் பழங்களைக் கொடுக்க மறந்து, பையோடு கெர்லிங்குக்கே எடுத்துப் போய்விட்டார்.

இத்தனை நாளும் தம்பி மனைவி அதிகம் பேசவில்லை. ஒரு சாயங்காலம், மழை வருகிறதென்று துணிகளை எடுத்து வந்து கூடத்தில் போட்டு மடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளையின் சட்டை ஒன்றை மடியில் வைத்து நீவியபடியே சொன்னாள்.

"அண்ணி, எங்கூர்ல எங்கப்பா ரேசன் கார்டுல இவ பேரச் சேத்துட்டா, கவர்மெண்டுல காப்பீட்டு அட்டை குடுக்குறாக. மதுரையில வச்சு இதே ஆப்பரேசனக் காசில்லாமப் பண்றாக. எங்க தெருவுல ஒரு பயலுக்குப் பண்ணியிருக்கு. இப்பப் பள்ளிக்கூடம் போறான்."

ரேஷன் கார்டில் சேர்க்க வேண்டுமென்றால் தூதரகத்தில் பதிந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். எடுத்தால் இங்கே போட்ட விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. இது எங்கள் மூவருக்கும் தெரியும். கதவோரம் நின்ற தம்பி, "அவ இந்த ஊருப் புள்ள. நான் இங்கதான பொறந்தேன், எங்கம்மா இங்கதான பொறந்தாங்க" என்றான்.

"நீங்க சொல்றீக. இந்த ஊரு என்னைக்குங்க அவளப் புள்ளைன்னு சொல்லுச்சு?"

கேட்டுவிட்டு அவளே பயந்துபோனாள். தம்பி கோபப்படவில்லை. மடித்து வைத்த துணிகளைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கினான். அவன் செய்கிற வேலை அல்ல அது. வெகுநேரம் அடுக்கினான். வெளியே வந்து, "அக்கா, நீ என்னா சொல்ற?" என்றான். பிள்ளை மூச்சு வாங்குவது பகலிலும் கேட்க ஆரம்பித்திருந்த சமயம். உயிர் இருந்தால்தானே எந்த ஊர் என்று பேச முடியும் என்று சொன்னேன். அவன் சரி என்று தலையை அசைத்தான்.

தூதரகத்தில் தாமதமாகப் பதிந்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தோம். பாஸ்போர்ட் வந்தது. படத்தில் அவள் நாக்கைத் துருத்தும் நேரத்துக்கு ஒரு நொடி முன்பு பிடித்திருக்கிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவள் இந்நாட்டை விட்டு வெளியேறத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அவளிடம் இங்கே இருப்பதற்கான பாஸ் எதுவும் எப்போதும் இருந்ததில்லை அல்லவா. திரும்பி வர விண்ணப்பித்தால் அப்போது பார்ப்பார்கள் என்றார்கள்.

விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். பெரியப்பாவும் வந்திருந்தார். எதிர்வீட்டு அக்கா வந்திருந்தார். காரில் ஏறும்போதே தம்பி எங்களுக்கு உத்தரவு போட்டுவிட்டான்: யாரும் அழக் கூடாது, நாம் அழுதால் அவள் அழுவாள். அதனால் அந்தப் புறப்பாட்டு வாசலில் நாங்கள் ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே நின்றோம். பார்த்தவர்கள் சுற்றுலாவுக்குப் போகிற குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். எதிர்வீட்டு அக்கா, "கிழவி, சாக்கு எடுத்துக்கிட்டியாடி?" என்று கேட்டார். பிள்ளை தன் முதுகுப்பையைத் திருப்பிக் காட்டினாள். பெரியப்பா அவள் தலையில் கை வைத்தார், எடுக்கவில்லை. நான்தான் மெதுவாக எடுத்துவிட்டேன். தம்பி அறுவை சிகிச்சை வரை கூட இருக்க விடுப்பு வாங்கி அவர்களோடு போனான். கண்ணாடிக்கு அப்பால் போன பிறகு அவள் கொஞ்ச தூரம் ஓடினாள், தரையில் குந்தினாள், அப்படியே கையை ஆட்டினாள். அதற்குப் பிறகு எங்களில் யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொள்ளவில்லை.

மதுரையில் நல்லபடியாக முடிந்தது. தம்பி ஒரு மாதம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தான். இன்னும் சில ஆண்டுகள் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான காப்பீடு அங்கேதான் செல்லும். இங்கே வந்தால் மறுபடி மற்ற வரிசை. தாயில்லாமல் பிள்ளை இருக்க முடியாது. அங்கே போய் லோரி ஓட்டலாமா என்று தம்பி விசாரித்தான். அந்தச் சம்பளத்தில், இப்போது இங்கிருந்து அவர்களுக்கு அனுப்பும் பணத்தில் பாதிகூட மிஞ்சாது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை போய் வருகிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியில் பேசுகிறோம். நெஞ்சில் நேராக ஒரு கோடு. சட்டையை விலக்கிப் பெருமையாகக் காட்டுவாள். முதல் சில மாதங்கள் சூசூ என்றாள். பிறகு பாலு. கெரெத்தா காராகிவிட்டது. அப்பாவை "எப்ப வருவீக?" என்று கேட்கிறாள். அம்மா வழிப் பாட்டனார் வீட்டுக்கு முன்னால் பெரிய களம் இருக்கிறது. கைப்பேசியை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு, அதில் ஓடிக் காட்டுவாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பி வருவாள். ஒவ்வொரு முறையும் நான் திரையில் அவள் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். மடங்குவதில்லை. நின்றபடி மூச்சு வாங்கிச் சிரிக்கிறாள். இதற்காகத்தானே எல்லாம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் நான் பார்த்து வளர்ந்த பிள்ளையை அந்தக் களத்தில் தேடுகிறேன்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் தம்பியின் கம்பெனியில் காப்புறுதி விவரங்களைப் புதுப்பித்தார்கள். மகளுக்கு இப்போது பாஸ்போர்ட் எண் இருக்கிறதே என்று அவன் அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். போன வாரம் அட்டை வந்தது. நான் காதில் சொன்ன பெயர், முழுதாக, எழுத்துப் பிழையில்லாமல், பெரிய எழுத்துகளில். மலேசியாவில் உள்ள மருத்துவமனைகளில் மட்டும் செல்லும் என்று பின்பக்கம் சிறிதாக இருந்தது. தம்பி அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினான்.

"என்னப்பா அது?"

"ஒன் கார்டு. ஒன் பேரு போட்டிருக்கு பாரு. நீ இங்க வந்தா, ஒடம்பு சரியில்லன்னா காட்டறதுக்கு."

இப்போது பள்ளிக்குப் போகிறவள், கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு எங்கள் மேல் இரக்கம் வந்தது போலத் தோன்றியது.

"எனக்குத்தான் சரியாப் போச்சேப்பா" என்றாள். யாரோ களத்திலிருந்து கூப்பிட, திரும்பி ஓடினாள்.